சிங்கர்: நிலைத்தது பெயரா, இரும்பா?



வீட்டில் பல தலைமுறையாக இருக்கும் பொருள்களைப் பற்றிப் பேசுவதுதான் இன்றைய கலந்துரையாடலின் நோக்கம். குத்துவிளக்கைப் பற்றிப் பேசலாம், பித்தளைக் குடத்தைப் பற்றிப் பேசலாம், அம்மிக்கல்லைப் பற்றிப் பேசலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ நம் மண்ணில் பிறந்த பொருள் அல்ல. அமெரிக்காவில் பிறந்து, ஸ்காட்லாந்தில் வளர்ந்து, கப்பலேறி நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து, சன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு வெளியே போகவே மறுத்துவிட்ட பொருள். ஆம், சிங்கர் தையல் இயந்திரம்.

நம்மில் பலருக்குத் தையல் மிஷின் என்றாலும் சிங்கர் என்றாலும் ஒன்றுதான். தோட்டப்புறத்து லயத்து வீடுகளில் ஒரு மிஷின் இருந்தால் போதும், தீபாவளிக்கு முந்திய மாதம் அந்த வீட்டில் விளக்கு சீக்கிரம் அணையாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பாவாடை சட்டைகள் எல்லாம் அந்த ஒரு மிஷினில்தான் உருவாகும். அதே மிஷினின் இரும்புக் கால்கள் இன்று என்ன ஆயின? கோப்பிக் கடைகளில் பளிங்குப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு மேசையாக நிற்கின்றன. காப்பி குடிப்பவர்கள் கால் வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். அது அசைகிறது, ஆனால் தைப்பதில்லை.

தொடர்புத்துறை டிப்ளோமா படித்த எனக்கு ஒரு பொருளின் பெயர் எப்படி நிலைக்கிறது என்பதில் ஓர் ஆர்வம் உண்டு. விளம்பரத்தாலா, தரத்தாலா, கடனாலா, பாசத்தாலா? சிங்கரின் வரலாற்றைப் புரட்டினால் இந்த நான்கும் இருக்கின்றன. கூடவே யாரும் விளம்பரத்தில் போடாத இன்னும் சில செய்திகளும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

ஊசியின் காது இடம் மாறிய கதை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சிங்கர் அல்ல.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830-ஆம் ஆண்டிலேயே ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடும் மரத்தாலான இயந்திரம். பாரிசில் இராணுவச் சீருடை தைப்பதற்காக அவருடைய இயந்திரங்களைக் கொண்டு ஒரு கூடமே அமைந்தது. 1831-இல் என்ன நடந்தது தெரியுமா? தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாக வந்து அந்த இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே 1857-இல் ஏழையாகவே மறைந்தார்.

அமெரிக்காவில் 1830-களில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் இரண்டு நூல்களைக் கொண்டு பூட்டுத் தையல் போடும் இயந்திரத்தைச் செய்து பார்த்தார். சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். ஆனால் தையல் இயந்திரத்துக்கு அவர் உரிய காலத்தில் காப்புரிமை வாங்கவில்லை. 1846 செப்டம்பர் 10-ஆம் தேதி அந்தக் காப்புரிமையைப் பெற்றவர் எலியாஸ் ஹோவ்.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது? கைத்தையல் ஊசிக்குக் காது மேலே, பின்பக்கத்தில் இருக்கும். அதனால் ஊசி முழுவதும் துணியைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். இயந்திர ஊசிக்குக் காது முனைக்கு அருகில் இருக்கிறது. ஊசி துணிக்குள் முனையை மட்டும் நுழைத்து, நூலை ஒரு கண்ணி போலக் கீழே விட்டுவிட்டு மேலே வருகிறது. அந்தக் கண்ணிக்குள் கீழே இருக்கும் ஓடம் இன்னொரு நூலைக் கடத்துகிறது. மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு போகாது. பூட்டுத் தையல் என்ற பெயர் இதனால்தான். இன்று நம் உடம்பில் இருக்கும் சட்டையின் பெரும்பாலான தையல் இதே முறைதான்.

நடிகரும் நாற்பது டாலரும்

ஐசக் மெரிட் சிங்கர் 1811-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இயந்திர வேலை தெரியும், ஆனால் மனம் போனது நாடகத்தில். ஊர் ஊராகச் சென்று மேடையேறிய நடிகர் அவர். கையில் காசு இருந்தால் நடிப்பு, இல்லாவிட்டால் பட்டறை என்பதுதான் வாழ்க்கை.

1850-இல் போஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் இருந்தபோது, அங்கே பழுது பார்க்க வந்த தையல் இயந்திரங்கள் அவர் கண்ணில் பட்டன. அடிக்கடி கோளாறு செய்யும் இயந்திரங்கள் அவை. ஜார்ஜ் சீபர் என்பவர் கொடுத்த 40 டாலரை முதலாகக் கொண்டு, 11 நாட்களில் புதிய வடிவம் ஒன்றை உருவாக்கினார் என்பது அந்த நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1851 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவர் செய்த மாற்றம் என்ன? ஊசியைச் செங்குத்தாக மேலும் கீழும் ஓடும்படி நிறுத்தினார். துணியைப் படுக்கையாக வைக்க ஒரு தட்டு அமைத்தார். துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு கால் வைத்தார். துணி தானாகவே தொடர்ந்து நகர வழி செய்தார். மிதிப்பலகையைக் காலால் இயக்கியதால் இரண்டு கைகளும் துணியைப் பிடிக்க விடுதலையாயின. இன்று உங்கள் வீட்டு மிஷினைப் பாருங்கள். இந்த அமைப்பு மாறியிருக்கிறதா?

அன்றைய வேறொரு பெரிய நிறுவனமான வீலர் அண்ட் வில்சன், நேரக் கணக்கு எடுத்துப் பார்த்தது. ஓர் ஆண்மகனின் சட்டையைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. இயந்திரத்தால் 1 மணி 16 நிமிடம். பெண்ணின் ஒரு முழு நாள் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும், உலகம் ஏன் இந்த இரும்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது என்பது விளங்கிவிடும்.

வழக்கறிஞர் போட்ட புதுத் தையல்

சிங்கர் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியதும் எலியாஸ் ஹோவ் வழக்குத் தொடுத்தார். 1854-இல் ஹோவ் பக்கம் வெற்றி. சிங்கர் அவருக்கு 15,000 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எல்லா நிறுவனங்களும் ஒருவர் மீது ஒருவர் வழக்குப் போட்டு மூழ்கும் நிலை வந்தது. 1856-இல் சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஹோவும் கூடி, தங்கள் காப்புரிமைகளை ஒரே கூடையில் போட்டார்கள். இயந்திரம் செய்ய விரும்பும் வேறு எவரும் அந்தக் கூட்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். காப்புரிமைக் கூட்டு என்ற ஏற்பாட்டுக்கு இது பழைய எடுத்துக்காட்டு. கைத்தொலைபேசி நிறுவனங்கள் இன்று செய்வதை 170 ஆண்டுகளுக்கு முன்பே தையல் இயந்திரக்காரர்கள் செய்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மூளையாக இருந்தவர் சிங்கரின் பங்காளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க். அவர் எதிர்கொண்ட பெரிய சிக்கல் விலை. இயந்திரத்தின் விலை 125 டாலர். அன்று ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே ஏறக்குறைய 500 டாலர்தான். மூன்று மாத வருமானத்தைக் கொட்டி யார் வாங்குவார்கள்?

1856-இல் கிளார்க் ஒரு வழி கண்டார். சிறிய முன்பணம் கட்டி இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் அது உங்களுக்கே சொந்தம். நாம் இன்று குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் காருக்கும் கட்டுகிறோமே, அந்தத் தவணை முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோன பெருமை பெரும்பாலும் சிங்கருக்கே சேரும். 1853-இல் 810 இயந்திரங்கள் விற்றன. 1856-இல் 2,564. 1860-இல் 13,000.

கிளார்க் இன்னொன்றும் செய்தார். பழைய இயந்திரத்தைக் கொடுத்தால் புதியதற்கு 50 டாலர் தள்ளுபடி. வாங்கிய பழைய இயந்திரங்களை என்ன செய்தார்கள்? உடைத்தார்கள். பழையது சந்தையில் சுற்றினால் புதியது எப்படி விற்கும்?

தவணை நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். கடனில் வாங்கிய எல்லாப் பொருளும் வீட்டுக்குச் சோறு போடுவதில்லை. தையல் இயந்திரம் போட்டது. கணவனை இழந்தவர்கள், படிக்க வாய்ப்பில்லாதவர்கள், வீட்டைவிட்டு வெளியே போய் வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள் என்று எத்தனையோ பெண்கள், வசூல்காரர் வரும் முன் அந்த மாதத் தவணையை அதே இயந்திரத்தில் தைத்துச் சம்பாதித்தார்கள். தன்னுடைய விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்த பொருள் அது. ஆனால் மாதம் பிறந்தால் வாசலில் நிழல் விழுமே என்ற பயமும் அதே வீடுகளில்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வரலாறு.

கிளைட் நதிக்கரையில் ஒரு கடிகாரம்

1867-இல் சிங்கர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்க நிறுவனம் ஒன்று கடல் கடந்து போய்த் தயாரிப்பில் இறங்கியது அந்தக் காலத்தில் புதுமை. பிறகு அருகில் உள்ள கிளைட்பேங்க் ஊரின் கில்போவி பகுதியில் மாபெரும் தொழிற்சாலை எழுந்தது. கட்டுமானம் 1882-இல் தொடங்கி, 1885-இல் திறப்பு. 1913-ஆம் ஆண்டில் மட்டும் 13 லட்சத்துக்கும் அதிகமான இயந்திரங்கள் அங்கிருந்து ஏற்றுமதியாயின. அதன் கோபுரக் கடிகாரத்தின் முகங்கள் பிற்காலத்தில் 26 அடி அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டன. லண்டன் பிக் பென் கடிகாரத்தைவிட அது பெரியது. ஊர் முழுவதும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுந்தது, உண்டது, உறங்கியது. இரயில் நிலையத்துக்கே சிங்கர் என்று பெயர். அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தின் கீழ் ஒரு போராட்டமும் நடந்தது. 1911 மார்ச் மாதம், இயந்திரத்தின் மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் பிரிவில் 12 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். காரணம்? அந்தப் பிரிவில் மூன்று பேரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அவர்கள் செய்த வேலையையும் மீதமிருந்த பெண்களின் தலையில் கட்டினார்கள். வேலை கூடியது, கூலி கூடவில்லை. 12 பேர் வெளியேறினார்கள். சில நாட்களில் அவர்களுக்கு ஆதரவாக ஏறக்குறைய 11,000 பேர் வெளியேறினார்கள். ஏப்ரல் 10-ஆம் தேதி வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. முன்னின்றவர்கள் உட்பட 400 பேர் வேலை இழந்தார்கள். அந்த 400 பேரில் ஒருவரான ஆர்தர் மெக்மானஸ் பின்னாளில் பிரிட்டிஷ் பொதுவுடைமைக் கட்சியின் முதல் தலைவரானார்.

நம் வீட்டு மிஷினின் மேற்பெட்டியில் அந்த மெருகு இன்னும் மின்னுகிறது என்றால், அது கம்பெனியின் பெருமை மட்டும் அல்ல. அந்தப் பெண்களின் கைகளும் அதில் இருக்கின்றன. பால்மரக் காட்டில் வாளி தூக்கிய குடும்பங்களில் வந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காந்தியடிகள் சொன்ன விதிவிலக்கு

இயந்திரங்களுக்கு எதிரானவர் என்று பெயர் எடுத்த காந்தியடிகள் தையல் இயந்திரத்தைப் பற்றி என்ன நினைத்தார்?

1924-இல் இராமச்சந்திரன் என்ற இளைஞர், சாந்திநிகேதன் மாணவர், காந்தியடிகளைச் சந்தித்து நேரடியாகவே கேட்டார். நீங்கள் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று. இயந்திரத்தின் மீதான வெறியைத்தான் எதிர்ப்பதாகவும், இயந்திரத்தையே அல்ல என்றும் காந்தியடிகள் விளக்கினார். அப்போது விதிவிலக்காக அவர் எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்ட கணவன், அவள் மீது கொண்ட அன்பினால் செய்த இயந்திரம் என்று அதை அவர் பாராட்டினார். அன்பு அதற்குள் இருக்கிறது என்பது அவர் கருத்து.

இளைஞர் விடவில்லை. அப்படியானால் அந்த இயந்திரத்தைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே, அதில் பெரிய இயந்திரங்கள் இருக்குமே என்று மடக்கினார். காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், தொழிலாளிகள் நல்ல சூழலில் வேலை செய்ய வேண்டும் என்றார். இந்த உரையாடல் அவருடைய யங் இந்தியா இதழில் வெளிவந்தது. கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பின்னாளில், 1947-இல், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து தமிழ்நாட்டில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன்.

வரலாற்றைச் சரிபார்த்தால் ஐசக் சிங்கர் காந்தியடிகள் நினைத்த அன்புக் கணவர் அல்ல. ஒரே காலத்தில் பல குடும்பங்களை நடத்தியவர். அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1860-இல் அந்த இரகசியம் நியூயார்க் தெருவில் அம்பலமாகி, அவர் ஐரோப்பாவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1863-இல் பங்காளித் தொழில் கலைந்து சிங்கர் மேனுஃபாக்சரிங் கம்பெனி உருவானது. அவர் இங்கிலாந்தின் பெயிண்டன் ஊரில் மாளிகை கட்டத் தொடங்கி, 1875-இல் அங்கேயே மறைந்தார்.

அப்படியானால் காந்தியடிகள் சொன்னது வீணா? இல்லை என்பேன். அந்த அன்பு செய்தவரிடம் இல்லை, பயன்படுத்தியவர்களிடம் இருந்தது. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை தைத்த தாயிடமும், தங்கையின் திருமணத்துக்கு இரவெல்லாம் ரவிக்கை தைத்த அக்காவிடமும் இருந்தது. தொழிற்சாலையைப் பற்றி அவர் வைத்த நிபந்தனையோ, கிளைட்பேங்க் பெண்களை மனத்தில் வைத்துப் படித்தால், இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

ஏன் இன்னும் ஓடுகிறது?

இனி, தரத்துக்கு வருவோம். நூறு வயதான மிஷின் இன்றும் தைக்கிறதே, எப்படி?

முதல் காரணம், எளிமை. தலைப்பகுதி வார்ப்பிரும்பு. உள்ளே எஃகுத் தண்டுகள், நெம்புகோல்கள், ஓர் ஓடம். எண்ணெய் விடும் துளைகள் கண்ணுக்குத் தெரியும்படி வெளியிலேயே இருக்கின்றன. ஒரு திருப்புளி இருந்தால் வீட்டிலேயே பாதி மிஷினைக் கழற்றி மாட்டலாம்.

இரண்டாவது காரணம், ஒரே அளவு. 15-ஆம் வகை என்று அழைக்கப்படும் சிங்கர் மாடலின் அடிப்படை 1879-இல் உருவானது. அதன் ஊசி அளவே இன்று உலகெங்கும் வீட்டுத் தையல் இயந்திரங்களுக்குப் பொது அளவாகிவிட்டது. நம் ஊர்த் தையல் சாமான் கடையில் ஹெச்ஏ எக்ஸ் ஒன்று என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அதுதான். அந்த வகையின் பாபினும் அப்படியே. கொள்ளுப்பாட்டியின் மிஷினுக்கும் நேற்று வாங்கிய மின்சார மிஷினுக்கும் ஒரே ஊசியைப் போடலாம் என்றால், இது சாதாரணச் செய்தியா? ஐந்து ஆண்டுக்கு முந்திய கைத்தொலைபேசியின் சார்ஜர் இன்றைய தொலைபேசிக்குப் பொருந்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம், பிறர் செய்த நகல்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் இந்த 15-ஆம் வகையை அப்படியே பின்பற்றி இலட்சக்கணக்கில் செய்தன. ஷாங்காயில் செய்யப்பட்ட வண்ணத்துப்பூச்சி முத்திரை மிஷினின் எலும்புக்கூடும் அதுதான். ரஷ்யாவில் பொடோல்ஸ்க் நகரில் 1902-இல் திறக்கப்பட்ட சிங்கர் தொழிற்சாலை புரட்சிக்குப் பிறகு அரசுடைமையாயிற்று. கம்பெனி போய்விட்டது, அதே சாயலில் மிஷின்கள் தொடர்ந்து வந்தன. நகல் எடுத்தவர்களால் சிங்கருக்கு நட்டம். மிஷின் வைத்திருப்பவர்களுக்கோ இலாபம். உதிரிப் பொருள்கள் எந்த ஊரிலும் கிடைக்கின்றன.

கோபுரம் சாய்ந்தது

பெயரின் கதை வேறு. 1908-இல் நியூயார்க்கில் சிங்கர் 47 மாடித் தலைமையகத்தைக் கட்டியது. 612 அடி உயரம். அந்த நேரத்தில் உலகிலேயே உயரமான கட்டடம். அடுத்த ஆண்டே இன்னொரு கட்டடம் அதை மிஞ்சியது. 1960-களின் இறுதியில் அந்தக் கோபுரத்தையே இடித்துவிட்டார்கள். சாய்ந்து விழவில்லை, போரில் தகரவில்லை. அந்த இடத்தில் இன்னும் பெரிய அலுவலகம் கட்ட இடித்தார்கள்.

கிளைட்பேங்க் 1941 மார்ச் மாதம் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. ஊரில் 528 பேர் மாண்டார்கள். தொழிற்சாலையின் மரக்கிடங்கு சாம்பலானது. அதையும் தாங்கி நின்றது தொழிற்சாலை. ஆனால் சந்தையின் குண்டுவீச்சைத் தாங்க முடியவில்லை. புகழ்பெற்ற கடிகாரக் கோபுரம் 1963-இல் இடிக்கப்பட்டது. 1980 ஜூன் மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயத்த ஆடைகள் மலிந்தன, வீட்டில் தைப்பவர்கள் குறைந்தார்கள், ஜப்பானிய மிஷின்கள் விலையிலும் வசதியிலும் முந்தின. சிங்கர் நிறுவனமோ விமானப் பயிற்சிக் கருவிகள் போன்ற வேறு தொழில்களில் கவனம் செலுத்தியது. 1986-இல் தையல் இயந்திரப் பிரிவையே தனியாகக் கழற்றிவிட்டது. 1989-இல் அது கைமாறியது. 1999-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2006-இல் ஹஸ்க்வர்னா வைக்கிங், ஃபாஃப் என்ற இரண்டு பழம்பெரும் பெயர்களோடு ஒரே குடையின் கீழ் வந்தது. 2021-இல் இன்னொரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது.

இலங்கையில் 1877 முதல் இருந்துவரும் சிங்கர், இன்று தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் விற்கும் பெரிய கடைத்தொடராக மாறிவிட்டது. பெயர் அதே பெயர். பொருள் வேறு. ஒரு வணிகப் பெயர் எத்தனை கை மாறினாலும் வாழும். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து மட்டும் தரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று. புதிதாக வாங்குபவர்கள் மாடலைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, உதிரிப் பொருள் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். பாட்டியின் மிஷின் நன்றாக ஓடியது என்பது புது மிஷினுக்கான உத்தரவாதம் அல்ல.

பாதரசமும் இல்லை, புதையலும் இல்லை

இன்னொரு எச்சரிக்கை. 2009-இல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மிஷினுக்குள் சிவப்புப் பாதரசம் என்ற அதிசயப் பொருள் இருக்கிறதாம், அது புதையலைக் காட்டுமாம், அணுசக்திக்கும் பயன்படுமாம். கைத்தொலைபேசியை ஊசிக்கு அருகில் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார்கள். லட்சம் ரியாலுக்கு மேலும் விலை பேசினார்கள். அதிகாரிகள் மறுத்த பிறகே ஆரவாரம் அடங்கியது. தையல் இயந்திரத்தில் பாதரசத்துக்கு வேலையே இல்லை. இரும்பும் எஃகும் எண்ணெயும்தான் இருக்கின்றன. யாராவது இப்படிப்பட்ட கதையோடு உங்கள் வாசலுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான புதையல் மிஷினின் அடித்தட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வரிசை எண்ணைப் பாருங்கள். 1900-க்கு முந்தியவற்றில் வெறும் எண்கள். பிறகு ஆங்கில எழுத்துகள் சேர்ந்தன. எஃப், ஜே, ஒய் போன்ற ஒற்றை எழுத்துகளும், ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்துகளும் இருந்தால் அது கிளைட்பேங்கில் பிறந்தது. அந்தக் கடிகாரத்தின் நிழலில் உருவானது. எண்ணை வைத்து எந்த ஆண்டு என்றும் கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளை அழைத்து அந்த எண்ணைத் துடைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வரலாற்றுப் பாடம் வீட்டிலேயே நடக்கும்.

ஓட்டினால்தான் உயிர்

நேயர்களே, பாரம்பரியம் என்று சொல்லிச் சொல்லி நாம் பொருள்களைக் காட்சிக்கு வைத்துவிடுகிறோம். இங்கிலாந்தின் ஆல்செயின்ட்ஸ் என்ற ஆடை நிறுவனம் தன் கடைச் சன்னல்களில் பழைய தையல் இயந்திரங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்தது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அங்கே விற்கும் ஆடைகளை அவை தைப்பதில்லை.

குத்துவிளக்கு ஏற்றினால்தான் விளக்கு. தையல் மிஷின் ஓட்டினால்தான் மிஷின். மாதத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது பிசினாகி உள்ளே இறுகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் போதும். பாபின் பெட்டிக்குள் சேர்ந்த பஞ்சை ஒரு பழைய பல் துலக்கியால் எடுங்கள். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் வெட்டிச் சேர்க்கலாம், புதியதும் விலை அதிகமில்லை. பழுது பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், அவர் இருக்கும்போதே மிஷினைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், ஒரு பிள்ளையையும் நிற்க வையுங்கள்.

கிழிந்த பள்ளிச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது இன்று எளிது. அந்தச் சட்டையை ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒரு பெண், கிளைட்பேங்க் பெண்களைப் போலவே, எண்ணிக்கைக்குத் தைத்திருக்கிறாள் என்பதை நாம் யோசிப்பதில்லை. ஒரு தடவை நாமே உட்கார்ந்து ஒரு கை வைத்துத் தைத்துப் பார்த்தால், ஒரு சட்டையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரியும். தைக்கத் தெரிந்த பிள்ளை கிழிந்ததை எறிய மாட்டாள். தைத்தவரின் உழைப்பையும் குறைத்து மதிக்க மாட்டாள்.

சிங்கரின் கோபுரம் இல்லை, கடிகாரம் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. நம் வீட்டு மூலையில் துணி மூடிக் கிடக்கும் அந்த இரும்பு மட்டும் எண்ணெய்க்காகக் காத்திருக்கிறது. இந்த வார இறுதியில் அந்தத் துணியை எடுத்துவிட்டு, வீட்டில் கிழிந்து கிடக்கும் ஏதேனும் ஒன்றைத் தைத்துப் பாருங்கள்.